குடல்வால் என்று சொன்னோம்

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், கேட்பவர் முகம் சட்டென்று சுருங்கிவிடும். "ஐயோ, பிஞ்சு உடம்புல கத்தி வைக்க எப்படிங்க மனசு வருது?" என்பார்கள். எத்தனையோ வருடமாக இதே கேள்வி. கத்தி வைப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பெரியவர்களோடு பேச வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம். குழந்தைகளோடு எனக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. பெற்றவர்களோடு வராத நாள் குறைவு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆர்.எஸ்.புரத்தில் என் கிளினிக் இருக்கும் தெருவில் ஆட்டோக்காரர்களுக்குக்கூட அது தெரியும்.

இவ்வளவு வாய் பேசுகிற நான், பேசியே ஆக வேண்டிய ஓரிடத்தில் ஒரு பொய்க்கு உடந்தையாக இருந்தேன். உடந்தை என்றால் சும்மா நின்றது மட்டும் இல்லை. நானே என் வாயால் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. கொடுமுடிப் பக்கம் தோட்டம். அப்பாவுக்கு மஞ்சளும் தென்னையும். அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா என்று மூன்று பெரியவர்கள் கூட வந்திருந்தார்கள். அத்தைக்காரி கையில் ஒரு ஒயர்கூடை. கிளினிக்குக்குள் நுழைந்ததிலிருந்து அதிலிருந்து எதையாவது எடுத்து அந்தப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். பார்த்ததுமே அவர் அவளைத் தன் உயிராக நினைக்கிறார் என்று தெரிந்தது.

வயிறு நாலைந்து மாதமாகப் பெரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வாயு என்று ஏதோ சிரப். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "பூசணி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் பெரிய கவலை இல்லை. காரணம் அத்தை. "வயசுக்கு வர்ற நேரமுங்க, அப்படித்தான் உடம்பு உப்பும், அடிவயித்துல வலியும் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், இடுப்புக்குப் பலம் என்று காலையில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு, உருண்டை உருண்டையாக ஊட்டியிருக்கிறார். சீருக்குப் பட்டுக்கூட எடுத்து வைத்தாயிற்றாம்.

மேசையில் படுக்கச் சொன்னேன். வயிற்றில் வெறும் நீர் கோத்திருந்தால் படுத்ததும் அது இரண்டு பக்கமும் சரியும். இது சரியவில்லை, நடுவில் எழும்பியே நின்றது. விரல் வைத்துத் தட்டினால் நடுவில் மந்தமான சத்தம், ஓரங்களில் மட்டும் குடலின் டொம் டொம். தேங்காயைத் தட்டி வாங்குகிற வேலைதான் எங்களுக்கும். உள்ளே ஒரு பெரிய பை இருக்கிறது, அது குடலை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு என்ன பண்ணுது கண்ணு?" என்று அவளைக் கேட்டேன்.

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"உக்காந்தா மூச்சு முட்டுதுங்க. அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க. மிஸ் விடமாட்டேங்கறாங்க" என்றாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி ஸ்கேன் எடுக்க வைத்தேன். இது முக்கியம். இல்லையென்றால் நிறைந்த மூத்திரப்பை என்று நினைத்து விட்டுவிடுகிற ஆபத்து உண்டு. ஒரே பை, உள்ளே தெளிந்த நீர், தடுப்புச் சுவர் இல்லை, கெட்டியான பாகம் எதுவும் இல்லை. வலது பக்கத்திலிருந்து கிளம்பித் தொப்புளுக்கு மேலே வரை போயிருந்தது. புற்றுக்கான ரத்தச் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யிலும் அதையே சொன்னார்கள். சினைப்பையிலோ அதன் ஓரத்திலோ வளர்ந்த சாதாரணக் கட்டி. ஆளைக் கொல்கிற ஜாதி இல்லை. வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிதாக வருவது அபூர்வம். என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முடிவைச் சொல்வதற்குப் பெற்றவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். பிள்ளையை அத்தையோடு வெளியே உட்காரச் சொன்னேன். அன்று அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. எப்போதும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

"நீர்க்கட்டிதான். பயப்பட ஒண்ணும் இல்லை" என்றேன். பயப்பட வேண்டாம் என்றதை யார் காதில் வாங்கினார்கள்? முதல் சொல்லிலேயே அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் கல்யாணமாகி மூன்று வருடம் வயிறு திறக்காத மருமகள்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசும்போது வருவது. அது வேறு, இது வேறு என்று படம் போட்டு விளக்கினேன். கட்டி முறுக்கிக்கொண்டால்தான் ஆபத்து, அதற்குள் எடுத்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம் என்றேன். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று குறித்தேன்.

அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தார். "டாக்டரம்மா, ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் குடல்வாலுன்னு சொல்லிக்கறோமுங்க. நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க."

"எதுக்கு?"

"இவ அத்தைக்கு ஒரே பையனுங்க. மொறைப்பையன். பொறந்ததுலிருந்து பேசி வெச்சிருக்குது. கர்ப்பப்பையில கட்டின்னு காதுல உழுந்துச்சுன்னா..."

"கர்ப்பப்பை இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்! பதினோரு வயசுப் பிள்ளைக்கு அதுக்குள்ள மாப்பிள்ளையா?" என்று கத்தினேன்.

அப்பா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஏதோ வழி கண்டுபிடித்தவர் போல நிமிர்ந்தார். "ஏனுங்க, அந்தக் குடல்வாலையும் சேத்து எடுத்துப்போட்டீங்கன்னா பொய்யே இல்லைங்களே?"

"நல்லாயிருக்கே நியாயம்! ஒரு தென்னையில பூச்சி விழுந்தா பக்கத்து மரத்தையும் சேர்த்து வெட்டுவீங்களா?" என்றேன். மனிதர் அடங்கிப்போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

கட்டி திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஞாயிறு காலை அவள் வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, தொட விடாமல் அலறியிருக்கிறாள். காரில் போட்டுக்கொண்டு கோவைக்கு வந்து சேரும்போது பகல் பத்தரை. முறுக்கிக்கொண்டுவிட்டது. நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோனோம்.

தொப்புள் வழியாகக் கேமரா, இரண்டு பக்கமும் இரண்டு சிறு துளைகள். முதலில் ஊசியால் நீரை உறிஞ்சினோம், இரண்டு பெரிய பாட்டில் வந்தது. பை சுருங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கட்டி சினைப்பையில் இல்லை. சினைக்குழாயின் ஓரத்துச் சவ்வுக்குள் வளர்ந்திருந்தது. அதன் பாரத்தில் குழாயும் சினைப்பையும் சேர்ந்து இரண்டு சுற்று சுற்றியிருந்தன. சினைப்பை நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"கறுத்துப் போச்சு மேடம். எடுத்துடலாமே" என்றார் மயக்க மருந்து டாக்டர். நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கறுத்திருந்தால் எடு. நான் எடுக்கவில்லை. சுற்றைப் பிரித்தேன், கட்டியை மட்டும் உரித்தெடுத்தேன், வெதுவெதுப்பான உப்புநீரை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். இருபது நிமிடம் சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். கறுப்பு மெல்லக் கருஞ்சிவப்பாயிற்று. அப்புறம் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அது போதும் எனக்கு. "வா என் தங்கமே!" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன், நர்சுகள் சிரித்தார்கள்.

மூடுவதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்போம். அதே திரையில் குடல்வாலும் தெரிந்தது. மண்புழு மாதிரி, இளஞ்சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல். அப்பா சொன்னது ஞாபகம் வந்து எனக்கே சிரிப்பு வந்தது. தொடாமல் விட்டேன்.

வெளியே வந்தால் ஒரு வேன் நிறைய உறவு. ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், அழுகை. முன்னால் அத்தை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "குடல்வாலுங்களா டாக்டரம்மா? புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களே?" அவருக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். கண்ணால் கெஞ்சினார்.

"ஆமாங்க. குடல்வால்தான். எடுத்தாச்சு" என்றேன்.

"எதுனால வந்துச்சுங்க? சாப்பாட்டுலயுங்களா?"

எனக்குப் பசி, களைப்பு, அந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. "சாப்பாடாவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் பிள்ளை கண் தெளிந்து கேட்டாள். "என்னத்தைங்க எடுத்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அம்மா, "குடல்வாலு சாமி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் காய்ச்சல் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் உள்ளது உள்ளபடி எழுதினேன். அதை அம்மாவின் கையில் கொடுத்து, "இது பத்திரம். வயசு வந்ததும் அவகிட்ட நீங்களே சொல்லிடணும்" என்று அதட்டினேன். "சொல்லிப்போடறேனுங்க" என்றார். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது சினைப்பை நன்றாக இருந்தது. அடுத்த வருடம் அவள் வயதுக்கு வந்த சீருக்கு அழைப்பிதழும் ஒரு டப்பா லட்டும் வந்தன. லட்டைத் தின்றேன். அதோடு அவர்களை மறந்தேன்.

ஏழு வருடம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, கிளினிக்கில் கூட்டம் நெரிகிற நேரம், கைப்பேசி அடித்தது. அழுகிற குரல். தோட்டம், கொடுமுடி, கட்டி என்று சொன்னபிறகுதான் அந்த அம்மா என்று பிடிபட்டது.

பெண் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டதற்கு அவளே, "குடல்வால் எடுத்தாச்சுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அதுதானே. வயிற்றில் மூன்று தழும்பு. குடல்வால் எடுத்தாலும் அதே மூன்று தழும்புதான். ஸ்கேனில் வாயு மறைத்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், மூத்திரத்தில் கிருமியாக இருக்கலாம் என்று பாட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டாக்டர்களை நான் என்ன குறை சொல்ல?

"நீங்க உண்மையைச் சொல்லலையா?" என்றேன்.

"அவ அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. இத்தனை வருஷம் மறைச்சுப்போட்டு இப்ப அவங்க முன்னால எப்படிங்க..."

"அறிவிருக்கா உங்களுக்கு? பிள்ளை வேணுமா, மானம் வேணுமா?" நான் போட்ட சத்தத்தில் எதிரே ஒரு தாயின் மடியில் இருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. "போனைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட குடுங்க. இப்பவே. ஓடுங்க!"

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு இளம் டாக்டரின் குரல். நிதானமாகத்தான் பேசினார். "மேடம், பேஷண்டுக்குக் குடல்வால் ஏற்கெனவே எடுத்திருக்காங்க."

"இல்லை. எடுக்கலை. அது அங்கேயேதான் இருக்கு. என் கண்ணால பார்த்தேன். தொடாம விட்டவளே நான்தான்."

வலது சினைக்குழாயில் கட்டி எடுத்தது, முறுக்கியிருந்தது, மறுபடி முறுக்கியிருந்தாலும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள் என்று கடகடவென்று சொன்னேன். "உடனே தியேட்டருக்குக் கொண்டுபோறேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

அன்று மிச்ச நோயாளிகளை எப்படிப் பார்த்தேனோ தெரியாது. யார் மேலேயும் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. அந்த அப்பா சொன்னபடி அன்றே எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கிறுக்குப் புத்தி ஓடியது. அப்புறம், வேண்டியதில்லை, "ஆமாங்க, குடல்வால்தான்" என்ற இரண்டு சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் போதுமே என்று தோன்றியது. மாலை நாலு மணிக்கு அந்த டாக்டர் கூப்பிட்டார். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கழுவிவிட்டிருக்கிறார்கள். சினைப்பை நன்றாக இருக்கிறதாம். பிழைத்துக்கொள்வாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பரீட்சை போயிற்று. இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தாள். இளைத்திருந்தாள். தனியாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா வரலையா?"

"வெளிய இருக்காங்க. அத்தையும் வந்திருக்காங்க. நான்தான் வெளிய உக்காரச் சொன்னனுங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனக்குள்ள என்ன இருக்குது, என்ன இல்லைன்னு சொல்லுங்க."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். கர்ப்பப்பை, இரண்டு குழாய், இரண்டு சினைப்பை. கட்டி இருந்த இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டினேன். கறுத்தது, காத்திருந்தது, சிவந்தது எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாணம், குழந்தை பற்றி நானாகச் சொன்னேன், ஒரு தடையும் இல்லை என்று. "அதை நான் கேக்கலைங்களே" என்றாள்.

படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா பொய் சொன்னாங்க, சரிங்க. அவங்களுக்குப் பயம். உங்களுக்கு என்னங்க பயம்?"

நானும் எத்தனையோ பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். "ஒரு பயமும் இல்லை கண்ணு. அந்த நேரத்துல அது எனக்குச் சுலபமா இருந்துச்சு. அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டாள். அம்மா சுவரோரமாக நின்றுகொண்டார். அத்தைக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. கையில் அதே ஒயர்கூடையோ வேறொன்றோ, ஆனால் ஒயர்கூடைதான். அந்த முறைப்பையன் பெங்களூரில் கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு வருடம் ஒன்றாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எதற்காகப் பொய் சொன்னோமோ அதுவும் இல்லை.

பெண் என் பேனாவை எடுத்துக்கொண்டாள். படத்தை அத்தையின் மடியில் வைத்தாள். "அத்தை, சின்னதுல எனக்கு எடுத்தது குடல்வால் இல்லீங்க. இங்க ஒரு கட்டி இருந்துச்சு. அதைத்தான் எடுத்தாங்க. குடல்வால் இப்பத்தான் எடுத்திருக்குது" என்று பேனா முனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நான் அத்தையின் வாயிலிருந்து ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்ப சாப்பாட்டுனால இல்லீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீங்கதானுங்க சொன்னீங்க, சாப்பாடாவும் இருக்கலாமுன்னு. நான் ஊட்டுன களி போயி சிக்கித்தான் புள்ளை மேல கத்தி வெக்கிற மாதிரி ஆயிருச்சுன்னு..." ஒயர்கூடையைக் கீழே வைத்தார். "அன்னியிலிருந்து எங்கூட்டுல உளுந்து நனைக்கலீங்க. எம் பையன் கல்யாணத்துக்குக்கூட வடை போடலீங்க."

ஏழு வருடம். அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பெண் தரையில் மண்டியிட்டு அத்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நெசமா அதுனால இல்லீங்களா டாக்டரம்மா?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "சத்தியமா அதனால இல்லீங்க."